இல்லக்கா

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் 'இல்லக்கா' என்றுதான் சொல்வார்கள். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. ரேஷன் கடையில் மட்டும் அதைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். அப்போதும் பக்கத்தில் நிற்கிறவர்கள் தோளைத் தட்டிச் சொன்னால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார்.

பெருமாள்மலையில், கொடைக்கானல் ரோட்டை விட்டு பழனி ரோடு பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே இருந்தது அவர் கடை. கடை முழுக்கப் பழைய பொம்மைகள். ஒன்றுகூட முழுசாக இருக்காது. சக்கரம் இல்லாத தகரக் கார், எஞ்சின் இல்லாத ரயில், கை கழன்ற ரோபோ, ஒரு கண் உள்ள குரங்கு. டீ குடிக்க வண்டியை நிறுத்துகிற வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து எதையாவது கையில் எடுப்பார்கள். எதை எடுத்தாலும் அக்கா வாயிலிருந்து முதலில் வருகிற சொல் 'இல்ல'தான்.

"இந்தக் கார் என்ன விலைம்மா?"

"வலது கதவு இல்லைங்க. ஸ்டியரிங் இல்ல. பின்னாடி டயர் இருக்கு, ஆனா அது இந்தக் காரோட டயர் இல்ல."

"பரவால்ல, குழந்தை விளையாடத்தான்."

"விளையாடுறதுக்கு மேல பஜார்ல புதுசு கெடக்குங்க. வெரசா போனீங்கன்னா கூட்டத்துக்கு முன்ன வாங்கிரலாம். இது விளையாட இல்ல."

"அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?"

"இதே கார் எங்கயோ ஒருத்தர் வீட்ல கண்ணாடி அலமாரில இருக்கும். எல்லாம் இருக்கும், முன் பம்பர் மட்டும் இருக்காது. அவரு இந்தப் பம்பருக்காக இந்தக் காரையே வாங்குவாரு. விளங்குச்சா?"

யாருக்கும் விளங்காது. எதிர்க்கடையில் கேரட் வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுவார்கள்.

அந்த 'விளங்குச்சா' இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அக்காவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தவர்கள் அவருடைய அப்பாவும் அம்மாவும். அங்கிருந்து வேறென்ன கொண்டுவந்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் இல்ல. ஒரு தகரப்பெட்டி கொண்டாந்தாங்க, அதுக்கு மூடி இல்ல" என்றார்.

தொழிலுக்கு அவர் வந்ததும் தற்செயல்தான். அவருடைய வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டினார். கிளாவரையிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவார். இடையில் வண்டி சும்மா இருக்கிற நாட்களில், செண்பகனூர்ப் பக்கம் காலி செய்கிற பங்களாக்களில் பழைய சாமான் எடுத்து வருவார். அப்படி ஒரு தடவை ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பொம்மைகள் வந்தன. எந்தக் காலத்துப் பிள்ளைகள் விளையாடியதோ, எல்லாம் உடைசல். எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். அக்கா ஒரு சாக்கை விரித்து எல்லாவற்றையும் ரோட்டோரம் பரப்பி வைத்தார்.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு தாடிக்காரர், பஸ் நின்ற இடைவெளியில் இறங்கி வந்தவர், சாக்கின் முன்னால் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முரசு அடிக்கிற தகரக் கரடி ஒன்று கிடந்தது. தலை இல்லை. அவர் வீட்டில் தலை உள்ள கரடி இருக்கிறதாம், கையில் குச்சி இல்லையாம். பல வருடமாக அந்தக் குச்சியைத் தேடுகிறாராம்.

"தலையில்லாத கரடிய நெஞ்சோட அணைச்சிக்கிட்டு அந்த ஆளு பஸ் ஏறுனதப் பாத்தேன் புள்ள. அப்பத்தான் எனக்குத் தொழில் விளங்குச்சு" என்பார் அக்கா.

பக்கத்துக் கடை என்னுடையது, அதை ஒட்டியே எங்கள் வீடு. ஜெராக்ஸ், ரீசார்ஜ், பாஸ்போர்ட் போட்டோ. அக்காவின் சரக்கைப் போட்டோ எடுத்து, இந்த மாதிரிப் பொம்மை சேர்க்கிறவர்கள் வாங்கி விற்கிற இணையப் பக்கத்தில் ஏற்றுவது என் பொறுப்பாக ஆகியிருந்தது. மழை பெய்து கூட்டம் இல்லாத மதிய நேரங்களில் இந்த வேலை நடக்கும்.

"தலைப்பு என்னக்கா போடட்டும்?"

"'ரயில் எஞ்சின், ஓடாது'ன்னு போடு."

"தலைப்புலயே ஓடாதுன்னு போட்டா யாருக்கா உள்ள வந்து பாப்பா?"

"ஓடும்னு நெனச்சி வர்றவன் நமக்கு எதுக்கு? அவனுக்கும் சோலி கெடும், நமக்கும் சோலி கெடும்."

போட்டோ எடுக்கும்போது நான் நல்ல பக்கத்தைத் திருப்பி வைப்பேன். அக்கா உடைந்த பக்கத்தைத் திருப்பி வைப்பார். நான் மறுபடி திருப்புவேன். கடைசியில் உடைந்த பக்கம்தான் ஜெயிக்கும். கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருந்தால், "இந்தா, இங்க" என்று ஆள்காட்டி விரலைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்துக்கொள்வார். எத்தனை தடவை சொன்னாலும் எடுக்க மாட்டார். அதனால் எல்லாப் போட்டோவிலும் மஞ்சள் அரைத்துக் கறைபட்ட அந்த விரல் இருக்கும். நாளாக ஆக, வாங்குகிறவர்கள் அந்த விரலைத் தேட ஆரம்பித்தார்கள். விரல் இருந்தால் நம்பலாம் என்று அவர்களுக்குள் பேச்சு. ஒருவர் 'விரல் மேடத்துக்கு வணக்கம்' என்றே எழுதுவார்.

ஒருமுறை கொல்கத்தாவிலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார். ஸ்பிரிங் போய்விட்டது என்று சொல்லி அக்கா விற்ற தகரத் தவளை, அவர் வீட்டு மேசையில் சாவி கொடுத்ததும் நன்றாகத் துள்ளுகிறதாம். சந்தோஷமாகத்தான் எழுதியிருந்தார். நான் அதைப் படித்துச் சொன்னதும் அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப நான் பொய்யில்ல சொல்லியிருக்கேன்!"

"நல்லதுதானக்கா நடந்திருக்கு?"

"இருக்குறத இல்லன்னு சொன்னாலும் பொய்தான புள்ள? அவருக்குப் போன் போடு."

போன் போட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், தவளை துள்ளுவதற்காக நாங்கள் மிகவும் வருந்துகிறோம் என்று நான் சொல்ல, அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, கடைசி வரைக்கும் 'நோ பிராப்ளம், நோ பிராப்ளம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடையோடு இது நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அக்காவைப் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குக் கூப்பிட்டால், எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "துணி காயப்போட எடம் இல்ல" என்பார். வெயில் எட்டிப் பார்க்காத மாதங்கள் உள்ள ஊரில் இது பெரிய விஷயம்தான். ஆனால் அதைப் பால் பொங்குகிற நேரத்தில் சொல்ல வேண்டுமா? குழந்தை பார்க்கப் போனால், "முடி இல்ல". கல்யாண வீட்டில் கை கழுவும்போது, "ரசத்துல பெருங்காயம் இல்ல". என் அம்மாவுக்கு இதெல்லாம் பொறுக்காது.

"ஏம்மா, எப்பப் பாத்தாலும் இப்பிடிக் குறை சொல்லிக்கிட்டே இருக்கியே?"

"நான் எங்க மதினி குறை சொன்னேன்? இல்லாததத்தான சொன்னேன்? அவங்க வீட்ட நல்லா இல்லன்னா சொன்னேன்?"

இந்த வித்தியாசம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதிர் டீக்கடைக்காரர் திடீரென்று இறந்துபோனபோது, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் மனைவியிடம், "அவரு எங்கயும் போகல, நம்ம கூடத்தான் இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் காலையிலிருந்து சுவரையே பார்த்தபடி கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து, "இல்ல தாயி. இனிமே இல்ல" என்றார். அப்போதுதான் அந்தப் பெண் அழுதார். அக்கா அன்று முழுவதும் அவரை விட்டு எழுந்திருக்கவில்லை.

இப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில் இருக்கும்போதுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போனது. தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அக்கா என்னிடம் பேசவேண்டும் என்றால் தானாக என் வலது பக்கம் வந்து நின்றுகொள்வார். அம்மாவோ மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லாமல் கடத்திவிடத் தீர்மானித்திருந்தார். நாற்காலிகள் எல்லாம் எனக்கு வலது பக்கமாகப் போடப்பட்டன. எப்போதுதான் சொல்வது என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆகட்டும். மெதுவா அவனாவே தெரிஞ்சிக்கிடுவான். அதுக்குள்ள ஒரு புள்ளையும் பெறந்துரும்."

அக்காவைக் கூடத்துப் பக்கம் வரவிடாமல் அடுப்படியில் உட்காரவைத்ததும் அம்மாதான்.

"நீ பஜ்ஜிய மட்டும் பாத்துக்க. வாயத் தொறந்துராத."

"யாரும் கேக்காம நான் எதுக்கு மதினி தொறக்கப்போறேன்?"

வத்தலக்குண்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த குடும்பம். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பையன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவருடைய அம்மா கை கழுவுவதற்காக அடுப்படிப் பக்கம் போனார். பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவரிடம் சும்மா பேச்சுக்கு, "பக்கத்து வீடா? பொண்ணு எப்பிடி?" என்று கேட்டுவிட்டார்.

கேட்டுவிட்டார். அக்கா என்ன செய்வார்?

"மொதல்ல இல்லாததச் சொல்லிப்புடுறேங்க. இடது காது கேக்காது. கோலம் வராது. கோவம் வந்துச்சுன்னா சட்டுனு பேச்சு வார்த்தை இருக்காது. பூரி சுட்டா உப்பாது..."

அந்த அம்மா மீதியைக் கேட்க நிற்கவில்லை. ஈரக்கையோடு கூடத்துக்கு வந்து மகன் தோளைத் தொட்டார். போன் பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்தார்கள். தட்டில் வைத்த பஜ்ஜி அப்படியே இருந்தது.

போன் வரவில்லை.

அவர்கள் வந்த வேன் வளைவைத் தாண்டியதும் அம்மா அக்காவை வைத வசவு, மேலே செண்பகனூர் வரைக்கும் கேட்டிருக்கும். அக்கா ஒரே ஒரு பதில்தான் சொன்னார். "நல்லதச் சொல்றதுக்குள்ள அவங்க போயிட்டாங்க மதினி." அது அம்மாவை இன்னும் கிளப்பிவிட்டது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

எனக்கும் கோபம்தான். காது விஷயம்கூடப் பரவாயில்லை, பூரியை எதற்குச் சொல்ல வேண்டும்? அக்கா வழக்கம்போலச் சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கணினியை விட்டு நான் தலையைத் தூக்கவில்லை. சற்று நேரம் என் வலது பக்கம் நின்றார். பிறகு போய்விட்டார்.

போஸ்ட் போட ஆள் வேண்டுமே. மேலே பஜாரில் ஒரு பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். தங்கமான மனிதர். அவர் வாயில் 'இல்லை' என்ற சொல்லே வராது. கடையில் இல்லாத சாமானைக் கேட்டாலும், "வந்துக்கிட்டே இருக்கு, உக்காருங்க" என்பார். மின்சாரம் போயிருந்தாலும், "இருக்கு, இந்தா வருது" என்பார். அக்கா அவரிடம் ஒரு தகர ரயிலைக் கொடுத்து, எஞ்சினுக்குப் புகைபோக்கி இல்லை, பெட்டிகள் பாதி இல்லை, தண்டவாளம் அடியோடு இல்லை என்று விவரமாகச் சொல்லிவிட்டு வந்தார். பாய்க்கு மனசு கேட்கவில்லை. பாவம், இந்த அம்மா இப்படிச் சொன்னால் எப்படி வியாபாரம் ஆகும் என்று தன் கையால் திருத்தி, 'முழு செட், புத்தம் புதுசு மாதிரி, அருமையாக ஓடும்' என்று ஏற்றிவிட்டார்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்து மயங்கி, பார்சலை நம்பாமல் நேரிலேயே குடும்பத்தோடு கிளம்பி வந்தார். சீசன் சமயம். வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து, வழியெல்லாம் வாந்தி எடுத்துச் சோர்ந்த பிள்ளைகளோடு வந்து சேர்ந்து, ரயிலைக் கையில் வாங்கினார்.

"புகைபோக்கி எங்கம்மா?"

"இல்லைங்க."

"தண்டவாளம்?"

"அதும் இல்லைங்க."

"எல்லாம் இருக்குன்னு போட்டிருந்தீங்களே!"

"நான் அப்பிடி என் வாழ்நாள்ல சொன்னதே இல்லைங்களே!"

அவர் போனை எடுத்து நீட்டினார். அக்காவுக்குப் படிக்க வராது. ஆனால் போட்டோவைப் பார்த்ததும், "இதுல என் விரல் இல்லையே" என்று பதறிப்போனார். விரலையாவது, மண்ணையாவது! அந்த மனிதருக்கு வெறி பிடித்துவிட்டது. நடுரோட்டில் நின்று, ஊரையே கூப்பிட்டுக் காட்டுகிற மாதிரி, "ஏமாத்துக்காரி! பொய் சொல்லி வியாபாரம் பண்றா!" என்று கத்தினார். அக்கா இப்படி வாயடைத்து நின்று நான் பார்த்ததில்லை. நான் என் கடையை விட்டு இறங்குவதற்குள், எங்கள் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

மாவு கையோடு அம்மா இறங்கி வந்தார்.

"யாரப் பாத்துய்யா பொய் சொல்றவன்னு சொல்றீரு?"

"நீங்க யாரும்மா?"

"நானா? இவ உண்மையப் பேசி எம் பொண்ணு கல்யாணத்தையே கெடுத்தவ! வாசல் வந்த மாப்பிள்ளையப் பஜ்ஜி திங்க விடாம வெரட்டுனவ! ஒரே ஒரு பொய், ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தா இன்னேரம் எம் பொண்ணு வத்தலக்குண்டுல இருப்பா. எனக்கே சொல்லாதவ, ஒரு தகர ரயிலுக்கா உம்மகிட்டப் பொய் சொல்லுவா?"

தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரர் அம்மாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை ஒருமாதிரிப் பரிதாபமாகப் பார்த்தார். அவருடைய மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவே எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய்ப் பிள்ளைகளுக்கு இஞ்சி தட்டிப்போட்ட டீ கொடுத்தார். அக்காவைப் பார்க்காமலே, "நீயும் வந்து குடி" என்றார். விஷயம் கேள்விப்பட்டு பாய் பெரிய பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து மன்னிப்புக் கேட்டார். "ஒண்ணும் ஆகலைல்ல, எல்லாம் நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அடுத்த நாள் அக்காவின் விரல் மறுபடி என் போட்டோக்களில் வந்துவிட்டது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து இன்னொரு இடம் வந்தபோது, இந்தத் தடவை நானே சொல்லிவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சண்டை போடவில்லை. அக்காவை அடுப்படிக்கும் அனுப்பவில்லை. நல்ல சேலை கட்டி வரச்சொல்லிக் கூடத்திலேயே உட்காரவைத்தார். அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காபி கொடுத்து முடித்ததும் நான் சொன்னேன். "எனக்கு இடது காது கேக்காதுங்க. கோலம், பூரி ரெண்டும் சரியா வராது. கோவம் வந்தா பேச மாட்டேன்."

பையன் மோட்டார் பம்ப் பழுது பார்க்கிறவர். எழுந்து, எனக்கு இடது பக்கம் கிடந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் வந்து போட்டு உட்கார்ந்தார். அவருடைய அம்மா சிரித்தார். "அதனால என்ன? எங்க வீட்ல ரெண்டு காதும் கேக்குறவங்களே கூப்பிட்டா வர்றதில்ல."

பிறகு அந்த அம்மா அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க வந்ததுலருந்து ஒண்ணுமே பேசலையே?"

அம்மாவின் கையிலிருந்த தட்டு அந்தரத்தில் நின்றது.

"சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லைங்க. இல்லாததெல்லாம் அவளே சொல்லிட்டா."

"அப்ப இருக்கிறதச் சொல்லுங்க."

அக்கா திணறிப்போனார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "நல்ல பொண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, அது பிடிக்காமல் தானே தலையை ஆட்டிக்கொண்டார். "அது எல்லாரும் சொல்றது." மறுபடி யோசித்தார். "வெள்ளனே இவ ஷட்டரத் தூக்குற சத்தம் கேட்டாத்தாங்க எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கும்."

மடியில் கோத்திருந்த கைகளைப் பிரித்தார்.

"இல்லாதது இன்னொண்ணு இருக்குங்க" என்றார் அக்கா. "அது இவகிட்ட இல்ல. என்கிட்ட. இவள அனுப்ப எனக்கு மனசு இல்ல."

சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. சட்டென்று எழுந்து, "கடை தொறந்து கெடக்கு, பாக்கணும்" என்று வாசலில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று அக்கா கடையே திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பூட்டுத் தொங்குகிற கதவுக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மா என் அம்மாவிடம் திரும்பி, "தை மாசத்துல வச்சுக்குவோமா?" என்று கேட்டார்.